சிவப்பணுவுக்கு ஒரு குறி

சலவைக்குப் போகும் துணியின் ஓரத்தில் சேராங்கொட்டைச் சாற்றினால் குறி இடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். ஊரார் துணிகளோடு கலந்து போனாலும் நம்முடையது தவறாமல் திரும்பி வரும். துணியைப் பொசுக்காமல் குறி இடுவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

இரத்தத்திலும் இதே சங்கடம் உண்டு. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள். எல்லாம் ஒரே அச்சு. இரத்தசோகை கண்டவருக்கு அணுக்கள் போதிய அளவு பிறக்கவில்லையா, பிறந்தவை அற்பாயுளில் மடிகின்றனவா என்று வைத்தியர் அறிய வேண்டுமானால், அவற்றின் ஆயுளைக் கணக்கிட்டாக வேண்டும்.

வினிஃப்ரெட் ஆஷ்பி என்ற பெண்மணி அமெரிக்காவில் இதற்கு ஓர் அழகிய யுக்தி கண்டார். வேறு வகுப்பு இரத்தம் உடைய நோயாளிக்கு 'ஓ' வகுப்பு இரத்தம் ஏற்றிய பிறகு, அவரிடமிருந்து சிறிது இரத்தம் எடுத்து அதில் ஒரு சீரத்தைச் சேர்த்தார். நோயாளியின் சொந்த அணுக்கள் திரண்டு கட்டியாயின. வந்த விருந்தாளிகள் தனித்து நின்றனர். எண்ணிப் பார்த்ததில், 30 நாளுக்கு மேலும் அவை ஏராளமாக வாழ்வது தெரிந்தது. இதை அவர் வெளியிட்டது 1919-ல். ஆனால் விருந்தாளியைத்தான் இம்முறையில் எண்ணலாம்; வீட்டுக்காரரை எண்ண வழியில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் டேவிட் ஷெமின். நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில் இருந்த இவர், நைட்ரஜன்-15 கலந்த கிளைசின் 66 கிராம் தயாரித்து, மூன்று நாட்களில் தாமே உட்கொண்டார். பிறரைத் தேடாமல் தம் உடலையே பரிசோதனைச் சாலை ஆக்கிக்கொண்ட துணிவை நாம் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. சாதாரண நைட்ரஜனைவிடச் சற்றுக் கனமானது, அவ்வளவுதான், கதிரியக்கம் கிடையாது. அப்போது பிறந்த அணுக்களின் செந்நிறப் பொருளில் அது படிந்தது. நெடுநாள் தம் இரத்தத்தை எடுத்துச் சோதித்த ஷெமின், ரிட்டன்பெர்க் என்ற சகாவுடன் 1946-ல் முடிவை வெளியிட்டார்: சராசரி ஆயுள் 127 நாள்.

பிறகு 1950-ல் கதிரியக்கக் குரோமியம் வந்தது. முறை எளிது, ஆயினும் குறி அணுவிலிருந்து சிறிது சிறிதாகக் கசிந்துவிடும். தவிர, கதிர்வீச்சை எந்தத் தாய் தன் சிசுவுக்கு விரும்புவாள்?

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பரிசோதனைக்கென்று அடிக்கடி இரத்தம் எடுப்பதாலேயே சோகை வந்து, இரத்தம் ஏற்ற நேரிடுவதுண்டு. ஏற்றிய அணு எத்தனை நாள் நிற்கிறது என்பது அங்கே உயிர்ப் பிரச்னை. இதற்கு இப்போது கைகொடுப்பது பயோட்டின் என்ற வைட்டமின். உடலுக்கு வெளியே அணுவின் மேற்பரப்பில் அதைப் பிணைத்து, மீண்டும் உட்செலுத்துகிறார்கள். பின்னர் சில துளி இரத்தத்தில் பயோட்டினைப் பற்றிக்கொள்ளும் ஒளிரும் சாயத்தைக் கலந்தால், மின்னும் அணுக்களை யந்திரம் எண்ணிவிடும். பயோட்டின் அளவை ஏற்றியும் இறக்கியும் குறி இட்டால், தாதாவின் அணுக்களையும் குழந்தையின் அணுக்களையும் ஒரே சமயத்தில் தனித்தனியே தொடரலாம். சிலருடைய உடல் மட்டும் இந்தக் குறியை அந்நியமென்று கருதி எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது; ஆகையால் குறியை மிக லேசாகவே இடுகிறார்கள்.