பிளஸ் டூவில் ஒரு பாடம் அதிகம்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில், தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளி அலுவலக வாசல்களில் அதிகம் காதில் விழும் சொல் ‘பயோ-மேத்ஸ்’. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய நான்கும் சேர்ந்த பிரிவு அது. நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு அது கிடைத்தால்தான் வீட்டில் நிம்மதி. கிடைக்காவிட்டால் சிபாரிசுக்கு ஆள் தேடுவார்கள். டாக்டருக்கும் போகலாம், இன்ஜினீயரிங்குக்கும் போகலாம் என்பதே அதன் கவர்ச்சி.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் மதிப்பெண் 200. அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. உயிரியலுக்கு எதுவும் இல்லை. மருத்துவத்துக்கான நீட் தேர்வில் மொத்தம் 720. உயிரியலுக்கு மட்டும் 360, மற்ற இரண்டுக்கும் தலா 180. கணிதம் அதில் இல்லவே இல்லை. ஆக, பிள்ளை எந்தப் பக்கம் போனாலும், இரண்டு வருடம் கண்விழித்துப் படித்த நான்கு பாடங்களில் ஒன்று சேர்க்கையின்போது கணக்கில் வராது. விட்டது பிளஸ் டூ பாடங்களிலேயே கடினமான கணிதம் என்றால் இன்னும் கொடுமை.

படித்த படிப்பு வீண்போகாது என்பார்கள். உண்மைதான். இரண்டிலும் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். உயிரித் தொழில்நுட்பத்துக்கோ ஆராய்ச்சிக்கோ போக நினைப்பவருக்கு இரண்டும் கைகொடுக்கும். அவர்கள் தாராளமாக எடுக்கட்டும். ஆனால் பயோ-மேத்ஸ் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெரும்பாலோர் ஆர்வத்தால் அங்கே வரவில்லை. பதினைந்து வயதில் ஒரு முடிவெடுக்க வீட்டார் பயந்ததால் வந்திருக்கிறார்கள். ஒத்திவைக்கப்படும் முடிவுக்கான வட்டியைப் பிள்ளை தினமும் கட்டுகிறது. அந்தப் பயத்துக்கும் இப்போது முன்புபோல் காரணமில்லை. இயற்பியல், வேதியியல், கணிதம் படித்து முடித்தவர், பிறகு அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. இது எத்தனை பெற்றோர் காதுக்கு எட்டியது?

பாட எண்ணிக்கை சுமையின் ஒரு பாதிதான். ஒரே பாடத்தை இரண்டு விதமாகப் படிக்க வேண்டியிருப்பது மறுபாதி. பிளஸ் டூ இயற்பியலில் வீட்ஸ்டோன் சமனச்சுற்று என்று ஒரு பகுதி வருகிறது. பொதுத்தேர்வில் கேட்டால் ஸ்கேல் வைத்துப் படம் வரைய வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் மின்னோட்டத்தைக் குறிக்க வேண்டும். கிர்க்காஃப் விதிகளை எழுதி, படிப்படியாகச் சமன்பாட்டுக்கு வந்து, விடையைக் கட்டம் கட்ட வேண்டும். ஒரு படி விட்டால் அரை மதிப்பெண் போகும். அதே பகுதி நுழைவுத் தேர்வில் மாறுவேடத்தில் வரும். ஐந்து மின்தடைகளைக் கோணல்மாணலாக வரைந்து, மொத்த மின்தடை என்ன என்று கேட்பார்கள். இது சமனச்சுற்றுதான் என்று கண்டுகொண்டு, நடுவிலுள்ள மின்தடையை மனதுக்குள் அடித்துவிட்டு, மீதியைக் கூட்டி, விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீட்டில் 180 கேள்விக்கு 180 நிமிடம். கேள்விக்கு ஒரு நிமிடம்தான். தப்பாகப் போட்டால் ஒரு மதிப்பெண் குறையும். முதலாவதற்கு நிதானமும் கையெழுத்தும் வேண்டும், இரண்டாவதற்கு வேகமும் துணிச்சலும் வேண்டும். மாநிலப் பாடநூல் ஒரு பக்கம், என்சிஇஆர்டி புத்தகம் இன்னொரு பக்கம் என்று பையிலும் இரண்டு செட்.

தேதிகளைப் பாருங்கள். 2025-ல் ஜேஇஇ முதன்மைத் தேர்வின் முதல் சுற்று ஜனவரி 22-ல் தொடங்கியது. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. மார்ச் 3 முதல் 25 வரை பிளஸ் டூ பொதுத்தேர்வு. ஏப்ரல் 2-ல் ஜேஇஇ இரண்டாம் சுற்று. மே 4-ல் நீட். மே 18-ல் ஜேஇஇ அட்வான்ஸ்டு. இவற்றுக்கிடையே பள்ளியின் திருப்புதல் தேர்வுகள், கோச்சிங் நிலையத்தின் ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட், முடிக்க வேண்டிய ரெக்கார்டு நோட்டு. இத்தனையையும் எழுதப்போகும் பிள்ளைக்கு நாம் சொல்லும் புத்திமதி, நேரத்தை ஒழுங்காகத் திட்டமிடு என்பது.

எந்த நேரத்தை? பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். குறைந்தபட்சமாக எட்டு என்றே வைத்துக்கொள்வோம். மீதி பதினாறு. காலை ஸ்பெஷல் கிளாஸில் தொடங்கி மாலை ஸ்டடி வரை பள்ளிக்கு ஒன்பது மணி நேரம் போகிறது. போக்குவரத்துக்கு ஒன்று, டியூஷனுக்கு இரண்டு, குளிக்க, சாப்பிட, துணி எடுத்துவைக்க இரண்டு. எஞ்சுவது இரண்டு மணி நேரம். மொழிப்பாடம் உட்பட ஆறு பாடங்களுக்கு, பாடத்துக்கு இருபது நிமிடம். இதில் எந்த அட்டவணையைப் போட்டாலும் தூக்கத்தைத்தான் வெட்ட வேண்டியிருக்கும். பத்தரை மணிக்குக் கண் சொருகும் பிள்ளையை ‘சோம்பேறி’ என்று திட்டுவதற்கு முன் இந்தக் கூட்டல் கழித்தலை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1,200 ஆக இருந்த பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 600 ஆனது. மொழிப்பாடங்களின் இரண்டு தாள்கள் ஒன்றாயின. ஆனால், குறைத்த இடத்தையெல்லாம் நுழைவுத் தேர்வு வந்து நிரப்பிக்கொண்டது. பொறியியலுக்கான மாநில நுழைவுத் தேர்வை ரத்து செய்து, பிளஸ் டூ மதிப்பெண் போதும் என்று சட்டம் இயற்றிய மாநிலம் இது. அந்த ஆறுதல் மருத்துவத்துக்கும் கிடைத்தது, 2017-ல் நீட் வரும்வரை.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை மூடிவைத்துவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. சென்டம் குவிந்தது, அடிப்படை கோட்டைவிடப்பட்டது. அதைத் தடுக்கத்தான் 2017-ல் அரசாணை வந்து, 2018 மார்ச்சில் முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நடந்தது. அடுத்தடுத்து மூன்று வருடம் பொதுத்தேர்வு என்பது பெரும் பாரம் என்று குரல்கள் எழுந்தன. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது, 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது என்று அறிவிக்கப்பட்டது. முடிவு சரி. ஆனால் கொண்டுவந்த காரணம் அப்படியே இருக்கிறது. நீட், ஜேஇஇ இரண்டிலும் ஏறக்குறையப் பாதிக் கேள்விகள் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்து வருபவை. கண்காணிப்பு இல்லாவிட்டால் அந்த ஓராண்டைப் பள்ளிகள் மறுபடி பிளஸ் டூவுக்குத் தாரைவார்த்துவிடும்; விட்டுப்போனதைக் கோச்சிங் நிலையம் காசுக்குச் சொல்லித்தரும்.

பொதுத்தேர்வு, நுழைவுத் தேர்வு இரண்டையும் சமாளிக்கலாம் என்று மேடையில் பேசுவோர் ஒரு புள்ளிவிவரத்தைக் கவனிக்க வேண்டும். நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் 2021 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியவர்களின் பங்கு 2016-17-ல் சுமார் 12 சதவீதம். 2020-21-ல் அதுவே 71 சதவீதத்தைத் தாண்டியது. அதாவது, வென்றவர்களில் பெரும்பாலோர் இரண்டையும் ஒருசேரச் சமாளித்தவர்கள் அல்லர். பள்ளியை முடித்துவிட்டு, ஒரு வருடமோ இரண்டு வருடமோ வீட்டிலிருந்து நீட் மட்டும் படித்தவர்கள். அந்த ஒரு வருடச் சோற்றையும் கோச்சிங் கட்டணத்தையும் தாங்கக்கூடிய குடும்பம் எது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அந்த அநீதியைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது; சுமையைக் குறைக்கவில்லை. இதே நெருக்கடிக்கு வடக்கே கண்டுபிடித்த வழி ‘டம்மி ஸ்கூல்’. பெயர் பள்ளியில், ஆள் கோச்சிங்கில். சிபிஎஸ்இ திடீர் சோதனை நடத்தி, 2024-ல் சில பள்ளிகளின் அங்கீகாரத்தையே ரத்து செய்யும் அளவுக்கு அது பரவிவிட்டது.

பிற முறைகளில் இந்தச் சிக்கலை எப்படிக் கையாளுகிறார்கள்? இங்கிலாந்தில் ஏ-லெவலுக்குப் பெரும்பாலோர் மூன்று பாடங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஐபி எனப்படும் பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் நம்மைப் போல ஆறு பாடங்கள் உண்டு. ஆனால் மூன்று அல்லது நான்கைத்தான் உயர்நிலையில் படிக்க வேண்டும். மீதி சாதாரண நிலை. ஒரு பாடத்தை ஆழமாகவும் இன்னொன்றை அளவாகவும் படிக்க அங்கே இடமிருக்கிறது. நம் பயோ-மேத்ஸ் மாணவருக்கு நான்கும் ஒரே ஆழம்.

அப்படியொரு மாற்றம் இங்கே வர நாளாகும். அதுவரை பள்ளிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு வகுப்புக்கான எல்லாத் தேர்வுகளையும் வீட்டுப்பாடங்களையும் ஒரே ஆசிரியர் மேற்பார்வையில் ஒரே நாள்காட்டியில் எழுதட்டும். கணித ஆசிரியருக்கும் உயிரியல் ஆசிரியருக்கும் ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாததால்தான் ஒரே நாளில் மூன்று டெஸ்ட் வந்து விழுகிறது. பி.டி. பீரியடைப் பிடுங்கும் பழக்கத்தையும் தலைமையாசிரியர்கள் நிறுத்தலாம். கல்வித் துறை செய்ய வேண்டியது, பதினோராம் வகுப்பில் பதினோராம் வகுப்புப் பாடம்தான் நடக்கிறதா என்று வகுப்பறைக்குள் வந்து பார்ப்பது.

பெற்றோர் செய்ய வேண்டியதுதான் எல்லாவற்றிலும் கடினம். பிளஸ் ஒன் அரையாண்டுக்குள், நீட்டா, ஜேஇஇயா, இரண்டும் வேண்டாமா என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசி ஒன்றை விட்டுவிடுங்கள். விட்ட தேர்வுக்கான கோச்சிங்கையும் அன்றோடு நிறுத்துங்கள். பயோ-மேத்ஸே எடுத்திருந்தால், நான்கிலும் சென்டம் கேட்காதீர்கள். சேர்க்கைக்குத் தேவைப்படாத நான்காவது பாடத்தில் எழுபது வாங்கினாலும் போதும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதை வீட்டில்தான் சொல்ல முடியும். பள்ளியோ கோச்சிங் நிலையமோ ஒருநாளும் சொல்லாது.