காலைத் தூக்கினா குத்தமாய்யா?

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. இன்னிக்கு எழுத வெச்சது கோபம்.

நியூஜெர்சில இருக்குற அக்கா பையனுக்கு வயசு பத்து. பேஸ்பால் பைத்தியம். பந்து வர்றப்போ முன்காலை முட்டி உயரத்துக்குத் தூக்கி வெச்சு விளாசுவான். புதுசா வந்த கோச் ஒரே உத்தரவு போட்டார்: "காலைத் தூக்காதே, அசையாம நில்லு." இப்போ பையன் நட்டு வெச்ச கம்பம் மாதிரி நிக்கிறான். பந்து தாண்டிப் போனப்புறம்தான் மட்டை சுத்துது. போன சனிக்கிழமை "எனக்கு வேணாம் மாமா"ன்னு கிளவுஸைத் தூக்கிப் போட்டுட்டான். அத்தானைக் கேட்டா, "கோச்சுக்குத் தெரியாததாடா உனக்குத் தெரியும்?"ங்கிறார்.

நம்ம கிரிக்கெட் கண்ணுக்கு இது லேசுல புரியாது மக்களே. கிரிக்கெட்ல பந்து குத்துற இடத்தைப் பாத்து கால் முன்னாடியோ பின்னாடியோ போகும். பேஸ்பால்ல பந்து தரைல குத்துறதே இல்ல. பிட்சரைப் பாத்து ஒரு சின்ன அடி, அவ்வளவுதான். அந்த அடி பந்தைத் தேடிப் போக இல்ல, நேரம் பிடிக்க. 60 அடி சொச்சத்துலேருந்து மணிக்கு 95 மைல்ல வர்ற பந்துக்குக் கிடைக்கிறது சுமார் 0.4 நொடி. அதுக்குள்ள முன்கால் தரையில பட்டிருக்கணும், எடை பின்காலை விட்டு முழுசா வந்திருக்கக் கூடாது, கை பின்னாடியே இருக்கணும். அப்புறம் இடுப்பு திரும்பும், மட்டை தானா வரும். கால் எவ்வளவு உயரம் போச்சுங்கிறதா முக்கியம்? எப்போ இறங்குச்சுங்கிறதுதான் கணக்கு.

ஜப்பானோட சதஹாரு ஓ 1959லேருந்து 1961 வரை மூணு வருஷத்துல அடிச்ச ஹோம் ரன் மொத்தம் 37. 1962 நடுவுல கோச் ஹிரோஷி அரகாவா அவரைக் கொக்கு மாதிரி ஒத்தைக் கால்ல நிக்க வெச்சார். அந்த ஒரு வருஷத்துல மட்டும் 38! ரிட்டயர் ஆகுறப்போ 868. ஷோஹெய் ஓதானி நேர் எதிர். 2018ல அமெரிக்கா வந்ததும் பயிற்சி ஆட்டங்கள்ல திணறினார். சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி, காலைத் தூக்குறதை விட்டுட்டு குதிகாலை மட்டும் லேசா அசைச்சு அடிச்சார். 22 ஹோம் ரன், சிறந்த புதுமுகம் விருது. ஒருத்தர் தூக்கினார், ஒருத்தர் இறக்கினார். ரெண்டு பேரும் தேடினது ஒரே விஷயம்: நேரம்.

பயந்து காலை வெளிப்பக்கமா ஒதுக்கினா தப்புதான். காலோட சேர்ந்து உடம்பும் முன்னாடி விழுந்தாலும் தப்புதான். அதைத் திருத்துங்க, வேணாம்னு சொல்லல. ஆனா ஓடிட்டிருக்குற கோடை, "எங்க கம்பெனி ஸ்டைல் இல்ல"ன்னு அழிக்கிறவனை நாம என்னன்னு சொல்லுவோம்? பத்து வயசுப் பையன் கால்லயும் அதையேதான் செஞ்சிருக்காங்க.

இந்த சனிக்கிழமை நானே பார்க்குக்குக் கூட்டிட்டுப் போய் பந்து போடப் போறேன். அவன் இஷ்டத்துக்குத் தூக்கட்டும்.

டிஸ்கி: ஆபீஸ் சாஃப்ட்பால் டீம்ல நான் கடைசி ஆளா இறங்குறவன். அதை வெச்சுப் பின்னூட்டத்துல கும்மாதீங்க சாமிகளா :-)