முகாமையாளர் நாற்காலி யாருக்கு?

காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய மூன்றிடங்களில் கைத்தொழில் வலயங்கள் அமைப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. அறிவிப்பை நம்புவதா இல்லையா என்பது ஒருபுறமிருக்க, மாங்குளத்துக்கு அயலிலுள்ள துணுக்காய்ப் பெற்றோரை நாம் கேட்பது வேறொன்று. வலயம் வந்தால் அதன் வாயிற்காவலர் யார்? முகாமையாளர் யார்?

கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு ஆடைத் தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் பேருந்தேறும் நம் பெண்களைப் பாருங்கள். தையற்பொறியின் முன் அமரப் பிள்ளைகளை அனுப்பினோம். ஆலையை நடத்தும் கல்வியோடு எத்தனை பேரை அனுப்பினோம்?

ஆலை கிடக்கட்டும், நெல்லைப் பாருங்கள். காலபோக அரிவிவெட்டு முடிந்த கையோடு ஈர நெல் வயற்கரையிலேயே லொறி ஏறுகிறது. ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டினால் நெல் சந்தைப்படுத்தும் சபையின் களஞ்சியக் கதவு திறவாது. வியாபாரி சொன்னதே விலை. அதே நெல் வெளிமாவட்ட ஆலையில் அரிசியாகிப் பொதியில் அடைபட்டு, விளைவித்தவன் வீட்டு வாசலுக்கே விலைக்கு வருகிறது. என்னே வெட்கம்! உமியை எரித்து உலர்த்தியை இயக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. நாளொன்றுக்கு எத்தனை மூடை காய்ந்தால் வங்கிக்கடன் தீரும், புழுங்கலுக்கு எங்கே சந்தை என்ற கணக்கும் வேண்டும். பொறியையும் பேரேட்டையும் ஒருங்கே அறிந்தவரையே நாம் கேட்கிறோம்.

அக்கல்வி தொலைவிலா இருக்கிறது? உயர்தரத்தில் தொழினுட்பத்துறை 2013 இல் தொடங்கிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும் தொழினுட்பக் கற்கைகள் பீடம் உண்டு. 1970களில் தரப்படுத்தலை எதிர்த்துக் குமுறிய இனம் நாம். (மாவட்ட ஒதுக்கீடு வன்னிக்குச் சில இடங்களைத் தந்தது என்பதையும் மறைக்கமாட்டோம்.) இன்றோ, திறந்த கதவின் முன் நின்று, ‘கணிதம் ஓடாதவன் போகும் வகுப்பு’ என்று ஏளனம் பேசுகிறோம்! டாக்டர், எஞ்சினியர், அப்புக்காத்து தவிர மற்றோரெல்லாம் மனிதரல்லர் என்ற நோயைப் பரப்பியதில் கறுப்பு அங்கி அணிந்த நமக்கும் பங்குண்டு. பட்டம் பெற்றபின் அரசாங்க நியமனத்துக்காகக் கந்தோர் வாசலில் காத்திருப்பதும் இந்நோயின் வேறு முகமே.

அரசையும் விடோம். பட்டப்படிப்பை ஆங்கிலத்தில் நடத்துவோர் துணுக்காய் வலயப் பாடசாலைகளுக்குப் போதிய ஆங்கில ஆசிரியரைத் தரவேண்டாமா? பயிற்சிக்கு ஆலை எங்கே? பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1980களில் போரால் முடங்கிற்று. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990 இல் மூடுண்டது. பயிற்சி தேடித் தெற்கே போகும் பிள்ளை அங்கேயே தங்கிவிட்டால் குறை யாருடையது?

ஆகவே நம் கோரிக்கை இது. மாங்குளத்தில் காணி பெறும் ஒவ்வொரு நிறுவனமும் இவ்விரு பீடங்களின் மாணவருக்கு ஆண்டுதோறும் பயிற்சியிடம் வழங்கவேண்டும். முகாமைப் பதவிகளுக்கு அவர்களையும் விண்ணப்பிக்க அழைக்கவேண்டும். மேடை வாக்குறுதி நமக்கு வேண்டாம். குத்தகை உறுதியிலேயே நிபந்தனையாக எழுதுக! துணுக்காய்க் கமக்கார அமைப்புகள் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே இதனை எழுத்தில் சமர்ப்பிக்கட்டும். வாசகத்தை வரைந்து கொடுக்க நாம் ஆயத்தம்.