குட்டி யானைக்குள்ள ஒரு சிலிண்டர்

மெக்கானிக்கல் படிச்சிட்டு பொட்டி தட்டுற பல லட்சம் பேர்ல நானும் ஒருத்தன். நாலு வருஷம் படிச்ச தெர்மோடைனமிக்ஸ் வாழ்க்கையில எதுக்காவது உதவுமான்னு ரொம்ப நாளா சந்தேகம். போன மாசம் திண்டிவனத்துல ஒரு டிபன் வண்டி விஷயத்துல உதவிச்சு. அதனால இந்தப் பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் புலம்பல். ஆணி அதிகமா இருக்கறவங்க அப்பாலிக்கா வந்து படிங்க.

சென்னையிலேர்ந்து தெக்க போற எல்லாருக்கும் திண்டிவனம் - விழுப்புரம் ரோடு தெரிஞ்சிருக்கும். நாப்பது கிலோமீட்டருக்குக் கிட்ட, நடுவுல விக்கிரவாண்டி டோல்கேட். ராத்திரி பஸ் இந்தப் பக்கம் ஏதாவது ஒரு மோட்டல்ல நிக்கும். அந்த மோட்டல் தோசையைப் பத்தி நம்ம ஆளுங்க எழுதாததா, நான் வேற தனியா எழுதணுமா? அந்தத் தோசையோட புண்ணியத்துலதான் ரோட்டோரம் டிபன் வண்டிங்க பெருகிச்சுன்னு எனக்கொரு கருத்து உண்டு. பழைய டாடா ஏஸ், அதாங்க நம்ம குட்டி யானை, ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, பின்னாடி தகரப் பொட்டி கட்டி, ஒரு பக்கம் கதவை மேல தூக்கினா கூரை, கீழ மடக்கினா கவுண்டர். உள்ள தோசைக்கல், இட்லிப் பானை, ஒரு எல்.இ.டி. பல்பு. சூடா இருக்கும், நம்ம கண்ணு முன்னாடி செய்வாங்க, விலையும் நியாயம். நான் அந்தக் கட்சி.

பிரச்சினை எங்கன்னா, அடுப்புக்குக் கீழ. அடுத்த தடவை சாப்பிடும்போது குனிஞ்சு பாருங்க. பத்துல எட்டு வண்டியில, என் கணக்குல சொல்றேன், சர்வே எடுத்தெல்லாம் இல்ல, சிலிண்டர் அந்தப் பொட்டிக்குள்ளயேதான் இருக்கும். பக்கத்துல பேட்டரி, மேல எண்ணெய்ச் சட்டி, முன்னாடி ஒரு சாக்குப் படுதா.

என் மாமா பையன் திண்டிவனத்துல இப்படி ஒரு வண்டி கட்டினான். லீவுக்குப் போயிருந்தப்ப பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனான். பட்டறைக்காரர் ரொம்பப் பெருமையா, "தம்பி, மேல எக்சாஸ்ட் ஃபேன் வெச்சிருக்கேன், கேஸ் கீஸ் லீக் ஆனாலும் அப்படியே இழுத்துடும்"னாரு. இந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை பத்தி எழுதறேன். பட்டறையில மட்டுமில்ல, படிச்சவங்க கிட்டயும் இதே நினைப்பு இருக்கு.

சமையல் கேஸ் மேல போகாதுங்க. அது ப்ரொப்பேனும் ப்யூட்டேனும் கலந்தது. காத்தை விட ப்ரொப்பேன் ஒண்ணரை மடங்கு கனம், ப்யூட்டேன் ரெண்டு மடங்கு. லீக் ஆனா தண்ணி மாதிரி கீழ வழிஞ்சு தரையில தேங்கும். குட்டி யானையோட பொட்டியில கவுண்டர் மட்டத்துக்கு மேலதான் திறப்பு. அதுக்குக் கீழ நாலு பக்கமும் தகரம், தரையும் தகரம். அதாவது நல்ல குளியல் தொட்டி. மேல இருக்கற ஃபேன் புகையை இழுக்கும், தொட்டியில தேங்கினதைக் கண்டுக்காது.

இப்ப ஒரு கணக்கு. பொட்டி 7 அடி நீளம், 5 அடி அகலம், 6 அடி உயரம்னு வைங்க. 210 கன அடி, கிட்டத்தட்ட 6 கன மீட்டர். காத்துல ரெண்டு சதவீதம் கேஸ் கலந்தாலே ஒரு பொறி போதும். 6 கன மீட்டர்ல ரெண்டு சதவீதம்னா 120 லிட்டர் கேஸ். எடையில பார்த்தா சுமாரா கால் கிலோ. பத்தொன்பது கிலோ சிலிண்டர்ல கால் கிலோ! அதுவும் பொட்டி முழுக்க சமமா பரவினா. கேஸ் கீழயே தேங்கறதால அதுல பாதி கூட வேணாம். பொறிக்கும் பஞ்சமில்ல, தரையில பேட்டரி, அதுல ஒயரை முறுக்கி மாட்டின பல்பு கனெக்‌ஷன். மாமா பையன் கிட்ட இந்தக் கணக்கை சொன்னப்ப, "மச்சான், நீ சாஃப்ட்வேர்லயே இரு, என் பொழப்புல கை வெக்காத"ன்னான். ஆனா அன்னிக்கு ராத்திரியே போன் பண்ணி, "சரி, எங்கதான் வெக்கணும் சொல்லு"ன்னு கேட்டான். அவன் நல்லவன்.

எங்க வைக்கணும்ங்கறதுக்கு நாம புதுசா யோசிக்கவே வேணாம். அமெரிக்காவுல சரக்கு ஏத்தற டிரெய்லரை வாங்கி, உள்ள கட்டில், அடுப்பெல்லாம் போட்டு, வீடு மாதிரி ஆக்கி ஊர் சுத்துவாங்க. அங்க ப்ரொப்பேன் டேங்க் பெரும்பாலும் எங்க இருக்கும் தெரியுமா? டிரெய்லருக்கு வெளிய, கார்ல மாட்டற முக்கோணக் கம்பி மேல, திறந்த வெளியில. வேற வழியே இல்லாம வண்டியோட உடம்புக்குள்ள வைக்கணும்னா, ஆளுங்க இருக்கற பக்கத்தோட எந்தத் தொடர்பும் இல்லாத தனி அறை, வெளியிலேர்ந்து மட்டும் கதவு, அடியில காத்துப் போக ஓட்டை. அவங்க வெறும் ப்ரொப்பேனைப் பிடிக்கறதுக்கு ஒரு காரணம் குளிர். ப்யூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்துல வந்தா ஆவியாக மாட்டேன்னு அடம் பிடிக்கும். விழுப்புரத்துல இந்தக் கவலை எந்த ஜென்மத்துலயும் வராது :-)

நாங்க செஞ்சதும் அதேதான். டிரைவர் கேபினுக்குப் பின்னாடி, சைலன்சருக்கு எதிர்ப்பக்கம், பொட்டியில ஒரு மூலையைத் தகரம் வெச்சு முழுசா அடைச்சாச்சு. வெளிப்பக்கம் கம்பிக் கதவு, பூட்டோட. தரையில தகரத்தை வெட்டிட்டு வலை. கேஸ் கசிஞ்சா நேரா ரோட்டுக்குப் போயிடும். வண்டியோட பின் பம்பர்ல கூண்டு கட்டித் தொங்க விடலாம்னு பட்டறைக்காரர் சொன்னாரு, நான் ஒத்துக்கல. அந்த ரோட்டுல பின்னாடி லாரி முட்டறது தினசரி நியூஸ், முட்டினா முதல் அடி சிலிண்டருக்கு.

அப்புறம் பிடிமானம். முழு 19 கிலோ சிலிண்டர் கூட்டோட சேர்த்து நாப்பது கிலோவைத் தொடும். அது ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் எகிறிக் குதிக்கும். கயிறு பத்தாது. ஆங்கிள்ல வளையம் பண்ணி சேசிஸோட போல்ட் போட்டு, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு பட்டை. நேரா நிக்கணும், படுக்கவே கூடாது. படுத்தா ஆவிக்குப் பதிலா திரவமே ரெகுலேட்டருக்குள்ள வந்து அடுப்புல ஆளுயரத்துக்கு எரியும். டியூப் தகரத்தைத் துளைச்சு வர்ற இடத்துல ரப்பர் வளையம் போடலைன்னா, ஓட்ட ஓட்ட தகர விளிம்பு டியூபை அறுத்துடும். நீள டியூபுக்குப் பதிலா செம்புக் குழாயை கிளிப் அடிச்சு ஓட்டி, ரெண்டு முனையிலயும் மட்டும் சின்ன ரப்பர் டியூப் போட்டோம். எல்லாம் மாட்டி முடிச்சப்புறம் சோப்புத் தண்ணி. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கற மகானுபாவர்கள் இன்னும் இருக்காங்க, கும்பிட்டு விலகிடுங்க. வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் ஆஃப். மொத்தம் ஒரு நாள் வேலை. செலவு, ஒரு சுமாரான போன் விலையில பாதி கூட இல்ல.

சரி, ஒரு நாள் வேலை, சின்ன செலவு, அப்புறம் ஏன் யாரும் செய்யறதில்ல? இங்கதான் அரசியல் வருது.

பட்டறைக்காரரும் பக்கத்துல நின்ன இன்னொரு வண்டிக்காரரும் சொன்ன பதில் ஒண்ணேதான்: "வெளிய வெச்சா தெரிஞ்சுடும்ல." எது தெரியும்? கலர். வீட்டு சிலிண்டர் சிவப்பு, 14.2 கிலோ. கடை சிலிண்டர் நீலம், 19 கிலோ. 2000-ம் வருஷத்து எல்.பி.ஜி. வழங்கல் ஆணைப்படி வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்கு வைக்கக் கூடாது. வீட்டு கேஸுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், கடை கேஸுக்கு 18. கிலோவுக்குன்னு வகுத்தா விலையிலயும் பெரிய வித்தியாசம். தினம் கையில மிஞ்சறதை எண்ணி எண்ணி வைக்கறவன் சிவப்பைத்தான் வாங்குவான். வாங்கினதை ஒளிச்சு வைப்பான். ஒளிக்கறதுக்கு வண்டியில ஒரே இடம், அடுப்புக்குக் கீழ, சாக்குப் படுதாவுக்குப் பின்னாடி. அதாவது இருக்கறதுலயே ஆபத்தான இடம்.

புரியுதா உள்குத்து? வரியைக் காப்பாத்த வந்த சட்டம், சிலிண்டரைக் கொண்டுபோய் மூடின தகரப் பொட்டிக்குள்ள தள்ளுது. ரெய்டு வர்ற அதிகாரி கலரைப் பார்க்கறாரு, சிலிண்டர் இருக்கற இடத்தைப் பார்க்கறதில்ல. நீல சிலிண்டரை பேட்டரிக்கு மேல படுக்க வெச்சிருந்தா கூட வண்டி பாஸ்.

வண்டிக்காரன் சட்டத்தை மீறலாம்னு நான் சொல்லல. மாமா பையன் வெச்சிருக்கறது நீலம்தான், நான் நின்னு வாங்க வெச்சது. சின்ன வியாபாரத்துக்கு 5 கிலோ சிலிண்டர் இருக்கு, அடையாள அட்டை காட்டினாலே ஏஜென்சியில, சில பெட்ரோல் பங்குல கிடைக்குது, முகவரிச் சான்று கூட வேணாம். தூக்கவும் மாட்டவும் சுலபம். இதை யாராவது இந்த வண்டிக்காரங்க கிட்ட போய் சொல்லியிருக்காங்களா? வீட்டு கனெக்‌ஷன்னா ஏஜென்சி ஆள் வந்து டியூபைப் பார்த்து மாத்தச் சொல்றாரு. மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124-ன்னு தனித் தரமே இருக்கு, பணக்காரங்க ஊர் சுத்தற வண்டிக்கு. வண்டி அமைப்பை மாத்தினா மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுல ஆர்.டி.ஓ. அனுமதி வேணும். ஆனா தகரப் பொட்டி கட்டற பட்டறையில நின்னு பாருங்க, இதெல்லாம் யாரோ எங்கயோ எழுதி வெச்ச சமாச்சாரம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துல ஒரு ஏ4 தாள், சிலிண்டர் அறை எப்படி இருக்கணும்னு ஒரு படம், தமிழ்ல நாலு வரி, அதைப் பட்டறைக்குப் பட்டறை ஒட்டினா போதும். விழுப்புரம் மாவட்டத்துல பட்டறைங்க ஒண்ணும் எண்ண முடியாத அளவு இல்ல.

"ரோட்டோரக் கடைக்கெல்லாம் இவ்ளோ அலட்டலா"ன்னு கேட்கறவங்களுக்கு மதுரையை ஞாபகப்படுத்தறேன். 2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. லக்னோவுலேர்ந்து வந்த சுற்றுலாப் பெட்டி, மதுரை ஸ்டேஷன்ல கழட்டி நிறுத்தி வெச்சிருந்தது. உள்ள கொண்டு வந்திருந்த கேஸ் சிலிண்டரால தீப்பிடிச்சு 9 பேர் செத்துப் போனாங்க. சிலிண்டரை எப்படி ரயில்ல ஏத்தினாங்கன்னு எல்லாரும் கேட்டோம், சரியான கேள்விதான். ஆனா அங்கயும் இதே கதைதான்: சமைக்கணும், வெளிய தெரியக் கூடாது, அதனால ஆளுங்க தூங்கற பெட்டிக்குள்ளயே சிலிண்டர். நம்ம மேல்மருவத்தூர், திருவண்ணாமலை, சபரிமலை வேன்களைப் பாருங்க. அடுப்பு, பாத்திரம், சிலிண்டர் எல்லாம் கடைசி சீட்டுக்குப் பின்னாடி, அதுக்கு மேல போர்வை, போர்வை மேல ஒரு குழந்தை தூங்கிட்டிருக்கும். வழியில சமைச்சு சாப்பிடறது நம்ம பயணத்துல பாதி சந்தோஷம், அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. சிலிண்டர் மட்டும் வேனுக்குள்ள வேணாம். இறங்கற ஊர்ல 5 கிலோ வாங்கலாம், இல்ல சமையல் சாமானோட தனியா திறந்த வண்டியில வரட்டும்.

மாமா பையன் வண்டி இப்ப சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஓடுது. கம்பிக் கதவு வழியா நீல சிலிண்டர் ரோட்டுக்கே தெரியுது. முதல் வாரம் ஒரு அதிகாரி வண்டியை நிறுத்தி சுத்திப் பார்த்துட்டு, "ஏன்பா இதை இப்படி வெளிய காட்டிட்டு நிக்கற"ன்னு கேட்டாராம். இவன் கணக்கு சொல்ல ஆரம்பிச்சதும், ரெண்டு இட்லி வடை பார்சல் வாங்கிட்டுக் கிளம்பிட்டாராம். காசு குடுத்தாரான்னு நான் கேட்கல.

டிஸ்கி: சிலிண்டர் கைப்பிடிக்குக் கீழ இருக்கற பட்டையில உள்பக்கம் ஒரு ஆங்கில எழுத்தும் ரெண்டு இலக்கமும் இருக்கும். ஏ-ன்னா மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர், பக்கத்துல வருஷம். அந்த மாசத்தோட சோதனைக் கெடு முடியுது. தாண்டின சிலிண்டரைக் குடுத்தா வாங்காதீங்க, மாத்தித் தரச் சொல்லுங்க. கோவை, சேலம் பக்கம் டிபன் வண்டி கட்டற பட்டறைங்க சிலிண்டரை எங்க வைக்கறாங்கன்னு அந்த ஊர்ப் பதிவர்கள் யாராவது பார்த்து எழுதினா நல்லாருக்கும்.