நூலகம் வீடு தேடி வரட்டும்

கொள்ளைநோய்க் காலத்திலும் மருந்துக்கடை திறந்திருக்கிறது. பாலும் காய்கறியும் தெருவுக்கே வருகின்றன. நூலகமோ முதல் நாளே பூட்டப்படுகிறது. உடலுக்கு உணவு தேடிய நாம், உள்ளத்தின் உணவை மறந்துவிடலாமா?

2019 நவம்பர் 22ஆம் நாள் நம் தென்காசி தனி மாவட்டமாயிற்று. நான்கே மாதங்களில், 2020 மார்ச் 25 முதல், கொரோனாவினால் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. அவ்வாண்டுச் சாரலில் குற்றாலத்து அருவிகள் குளிப்பாரின்றி விழுந்துகொண்டிருந்தன. பள்ளிகளும் நூலகங்களும் மூடிக் கிடந்தன. அன்று நாங்கள் ஆரம்பப் பள்ளிச் சிறுமியர். பாடம் கைப்பேசியில் வந்தது. ஆனால், இலத்தூர் போன்ற ஊர்களில் பல வீடுகளில் ஒரே கைப்பேசிதான். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பீடி சுற்றும் அம்மாவின் பக்கத்தில், பழைய பாடப்புத்தகத்தையே திரும்பத் திரும்பப் புரட்டிய பிள்ளைகள் எத்தனை பேர்!

2020 செப்டம்பர் முதல் நாள் தமிழகத்தின் பொது நூலகங்கள் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் திறந்தன. முகக்கவசம் வேண்டும், இடைவெளி வேண்டும். சிறு பிள்ளைகளும் முதியோரும் வரவேண்டாம் என்றார்கள். இதை நாங்கள் குறை கூறவில்லை. உயிர்தான் முதலில். ஆயினும், இவ்விதிக்கு ஓர் இரண்டாம் பாதி வேண்டும் என்பதே எங்கள் கருத்து. யாரை வரவேண்டாம் என்கிறோமோ, அவர் வீட்டுக்குப் புத்தகம் போகவேண்டும். வீட்டிலேயே அடைந்து கிடக்கும் தாத்தா பாட்டிக்கும் குழந்தைக்கும்தானே அது அதிகம் தேவை?

இது புதிய யோசனையும் அன்று. 1931ஆம் ஆண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்னும் பெரியவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். அதே ஆண்டில்தான் சீர்காழி தந்த நூலக மேதை எஸ். ஆர். ரங்கநாதன் தம் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நோய்க்காலத்தில் மட்டும் அவ்விதிக்கு விடுமுறை உண்டா?

மேலும், 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. வீட்டுக்கு வந்து வரி கேட்பது முறை என்றால், வீட்டுக்கு வந்து நூல் கொடுப்பதும் முறையே அன்றோ?

'புத்தகத்தோடு நோயும் வந்துவிடுமே' என்று பெற்றோர் அஞ்சலாம். அந்த அச்சம் நியாயமானதே. அதற்கு விடையும் உண்டு. 2020இல் அமெரிக்காவில் நூலகங்களுக்காக ஓர் ஆய்வு நடத்தினர். தனித்தனியாக வைத்த புத்தகங்களில் மூன்று நாள்களுக்குப் பின் கொரோனாக் கிருமி தென்படவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோதோ ஆறு நாள்களுக்குப் பின்னும் தென்பட்டது. இந்நோய் பெரும்பாலும் காற்றின் வழியே பரவுகிறது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே, திரும்பி வரும் புத்தகங்களை அடுக்காமல் பரப்பி, ஒரு வாரம் ஓய்வு கொடுத்து, மற்றவருக்குத் தரலாம்.

'ஒரே நூலகர் எத்தனை வீடுகளுக்குப் போவார்?' என்பது அடுத்த கேள்வி. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில் தன்னார்வலர்கள் நம் தெருக்களுக்கே வந்து பாடம் சொல்லித் தந்தனர். 2022இல் 'நூலக நண்பர்கள்' திட்டமும் வந்தது. நூலகத்துக்கு வர இயலாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டு செல்வதே அதன் நோக்கம். கைகள் இருக்கின்றன, அவற்றை முன்கூட்டியே இணைத்து வைக்கவேண்டும்.

என்ன செய்யலாம்? தெருவாரியாக வாசகர் பட்டியல் ஒன்று எழுதி வைக்கலாம். ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம் கொடுக்கும் இடத்தில் ஐந்து கொடுக்கலாம். தாமதத்துக்கு அபராதம் வேண்டாம் என்று அறிவிக்கலாம். புத்தகப் பையை வாசலில் வைத்துவிட்டு, தள்ளி நின்று குரல் கொடுத்தால் போதும்.

வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னார்கள் நம் பெரியோர். அடுத்த நோய் என்று வரும் என நாமறியோம். அன்றைக்கு ஐந்தாம் வகுப்பில் இருக்கப்போகும் தங்கைக்கு, கைப்பேசி இல்லாவிட்டாலும் கையில் ஒரு கதைப்புத்தகம் இருக்கவேண்டும். பெற்றோரே, ஊர்ப் பெரியவர்களே, இப்போதே திட்டமிடுங்கள். எங்கள் தெருக்களுக்குப் புத்தகம் சுமக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.