‘டு’வுக்குப் பின்னால் ஓர் ஆள்



மலர்க் குழுச் செயலாளர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "லேத், மில்லிங் எல்லாம் வேண்டாம்பா, எல்லாரும் படிக்கிற மாதிரி ஏதாவது குடு" என்றார். எல்லாரும் படிக்கிற மாதிரி என்றால் சினிமாவா, காதலா? இரண்டிலும் எனக்கு அனுபவம் குறைவு. ஆகவே இங்கிலீஷைப் பற்றி எழுதத் துணிந்துவிட்டேன். பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்! ஒரு சின்ன ‘டு’ ஒரு மனிதரின் சம்பளத்தில் கைவைக்கப் பார்த்த கதை இது.

நான்காம் செமஸ்டர் முடிந்த லீவில் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் இன்பிளான்ட் டிரெய்னிங். நான் போன இரண்டாம் வாரம் அங்கே ஒரு பெரிய ஃபேனின் பேரிங் ஜாம் ஆகி நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. காரணம் என்னவென்றால், வெளியே இருக்கிற நிப்பிளில் இருந்து பேரிங்குக்குப் போகும் சின்னக் குழாயில் பழைய கிரீஸ் கட்டியாகி அடைத்துக்கொண்டிருந்தது. கிரீஸ் கன்னால் வாரா வாரம் அடித்த கிரீஸ் உள்ளே போய்ச் சேரவே இல்லை. யார் மேலும் தப்பு இல்லை.

என் டிரெய்னிங் ரிப்போர்ட்டில் இதை எழுதினேன். ஸ்டைலாக இருக்கட்டுமே என்று ‘பேரிங் சீஸ்டு டியூ டு ஃபெய்லியர் டு லூப்ரிகேட்’ என்று போட்டேன். மெயின்டனன்ஸ் சார் படித்தார். அரை மணி நேரத்தில் கிரீஸ் அடிக்கிற அண்ணன் என்னைத் தேடி வந்துவிட்டார்.

"ஏனுங் தம்பி, நான் கிரீஸே அடிக்கலைன்னு எழுதிப்போட்டீங்களாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எங்கே அப்படி எழுதினேன்? ஆனால் எழுதித்தான் இருந்தேன். ‘ஃபெய்லியர் ஆஃப் லூப்ரிகேஷன்’ என்றால் கிரீஸ் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ‘ஃபெய்லியர் டு லூப்ரிகேட்’ என்றால் போட வேண்டிய ஆள் போடத் தவறினார்! முதலாவதில் குழாய் குற்றவாளி. இரண்டாவதில் அண்ணன் குற்றவாளி. நான் அவர் பெயரைக்கூட எழுதவில்லை. ஆனால் ‘டு’ போட்டு ஒரு வினைச்சொல்லைச் சேர்த்த உடனே அந்த வேலையைச் செய்ய வேண்டிய ஓர் ஆள் அதன் பின்னால் வந்து நின்றுவிடுகிறார். அந்த ஆலையில் அந்த வேலைக்கு இருந்தவர் அவர் ஒருவர்தான்.

நான்கு வருஷம் ‘இன்ஃபினிடிவ்’ என்றால் என்ன என்று டெஃபனிஷன் எழுதி மார்க் வாங்கியவன் நான். அந்த டெஃபனிஷன் அன்றைக்கு எனக்கு உதவவில்லை. எந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ‘டு’ வரும், எதற்குப் பின்னால் ‘ஆஃப்’ வரும், ‘இன்’ வரும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நாம் ஏன் இதில் தடுக்கி விழுகிறோம் என்று அதற்கப்புறம் யோசித்துப் பார்த்தேன். அறிவுக் குறைவு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் தமிழே காரணம் என்று நினைக்கிறேன். ‘இங்கிலீஷ் பேசும் திறமை’ என்கிறோம், ‘இங்கிலீஷ் பேசும் பழக்கம்’ என்கிறோம். இரண்டிலும் அதே ‘பேசும்’. தமிழ் ஐயா பாஷையில் சொன்னால் இரண்டும் பெயரெச்சம். ஆனால் இங்கிலீஷ்காரன் இரண்டையும் ஒன்றாக வைக்கவில்லை. திறமைக்கு ‘எபிலிட்டி டு ஸ்பீக்’. பழக்கத்துக்கு ‘ஹேபிட் ஆஃப் ஸ்பீக்கிங்’. நாம் இரண்டையும் ஒரே அச்சில் வார்த்து ‘ஹேபிட் டு ஸ்பீக்’ என்று எழுதுகிறோம். வாத்தியார் சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போகிறார். ஏன் சுழித்தார் என்பது கடைசி வரை மர்மம்!

இன்னொன்று, தமிழில் ‘பேச அனுமதி’, ‘படிக்க ஆசை’ என்றும் சொல்கிறோம். இது வினையெச்சம். உண்மையில் அது பெயரோடு ஒட்டுவதில்லை. ‘பேச அனுமதி கொடுத்தார்’ என்றால் ‘பேச’ என்பது ‘கொடுத்தார்’ என்ற வினையைத் தேடிப் போகிறது. நம்மிடம் இரண்டு வாசல், அவர்களிடம் இரண்டு வாசல். ஆனால் நம் வாசலுக்கு நேர் எதிரே அவர்கள் வாசல் இல்லை.

கொஞ்சம் கைகொடுக்கிற வழி ஒன்று உண்டு. பெயர்ச்சொல் எந்தச் சொல்லோடு உறவு என்று பார்க்க வேண்டும். டிசைட் டு என்று வருவதால் டிசிஷன் டு. ரெஃப்யூஸ் டு, ஆகவே ரெஃப்யூசல் டு. ஏபிள் டு, ஆகவே எபிலிட்டி டு. டெண்டு டு, ஆகவே நம் மோட்டார் மேனுவலில் வருகிற ‘டெண்டன்சி டு ஓவர்ஹீட்’. தாய் எந்தப் பக்கமோ பிள்ளையும் அந்தப் பக்கம். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் தாய் சொல் கேட்பதில்லையே! ப்ரிஃபர் டு உண்டு, ஆனால் ‘ப்ரிஃபரன்ஸ் ஃபார்’ என்றுதான் வரும். டிஃபிகல்ட் டு ஸ்டார்ட் என்று சொல்லலாம், ஆனால் மோட்டார் கிளம்ப மறுத்தால் ‘டிஃபிகல்ட்டி இன் ஸ்டார்ட்டிங்’ என்று எழுத வேண்டும். சான்ஸ் என்ற சொல் இரண்டு பக்கமும் போகும். பேச வாய்ப்புக் கிடைத்தால் ‘சான்ஸ் டு ஸ்பீக்’. மழை வரும்போல இருந்தால் ‘சான்ஸ் ஆஃப் ரெயின்’. பாசிபிலிட்டியோ பெரும்பாலும் ‘ஆஃப்’ பக்கம்தான்.

மெட்டீரியல்ஸ் பாடத்தில் ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது. ‘ரெசிஸ்டன்ஸ் டு வேர்’ என்று படிக்கிறோம். ‘டு’ இருக்கிறது, ‘வேர்’ வினைச்சொல் மாதிரியும் இருக்கிறது. ஆனால் அங்கே அது தேய்மானம் என்ற பெயர்ச்சொல். சந்தேகம் இருந்தால் ‘ரெசிஸ்டன்ஸ் டு கரோஷன்’ என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விளங்கிவிடும்.

பொருள்களின் பெயர் வந்தால் வேறு கதை. ‘குடிக்கத் தண்ணீர்’, ‘உட்கார நாற்காலி’, ‘எழுதப் பேனா’. நமக்கு மூன்றும் ஒன்றுதான். அங்கே ‘வாட்டர் டு டிரிங்க்’, ‘எ சேர் டு சிட் ஆன்’, ‘எ பென் டு ரைட் வித்’. ஏனென்றால் தண்ணீரை நேராகக் குடிக்கிறோம், நாற்காலியின் மேல் உட்காருகிறோம், பேனாவால் எழுதுகிறோம். வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் வால் தெரிந்துவிடும். ‘எ ஹவுஸ் டு லிவ் இன்’ என்று வால் வைத்துச் சொல்கிறவர்களே ‘எ பிளேஸ் டு லிவ்’ என்று வால் இல்லாமலும் சொல்கிறார்கள். அவர்கள் மொழி, அவர்கள் இஷ்டம்! ‘தி ஃபர்ஸ்ட் மேன் டு வாக் ஆன் தி மூன்’ என்பதையும் பாருங்கள். 1969-இல் ஆம்ஸ்ட்ராங் நடந்து முடித்த விஷயத்துக்கு ‘டு வாக்’ என்கிறான். நாம் ‘நிலவில் முதலில் நடந்த மனிதர்’ என்று இறந்தகாலத்தில் சொல்வதை அவன் காலமே காட்டாமல் முடித்துவிடுகிறான்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் வந்ததல்ல. ஜப்பானில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஹார்ன்பி என்ற ஆசிரியர், ஒரு சொல்லின் அர்த்தம் மட்டும் போதாது, அது வாக்கியத்தில் எப்படி உட்காரும் என்பதும் அகராதியில் இருக்க வேண்டும் என்று கருதி, இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஓர் அகராதி தயாரித்தார். அது 1942-இல் டோக்கியோவில் வெளியானது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதையே மறுபடி வெளியிட்டது. நம் லைப்ரரிகளில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதிக்கு அதுதான் மூதாதை. அப்புறம் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சின்க்ளேர் என்ற பேராசிரியரின் குழு, இலக்கண நூலை நம்பாமல், பத்திரிகை, புத்தகம், பேச்சு என்று உண்மையில் வழங்கிய இங்கிலீஷைக் கம்ப்யூட்டரில் குவித்து, அதிலிருந்து 1987-இல் கோபில்டு அகராதியைக் கொண்டுவந்தது. எந்தப் பெயர்ச்சொல் ‘டு’வோடு சேரும் என்று பட்டியல் போட்ட தனிப் புத்தகமே 1998-இல் அந்த வரிசையில் வந்திருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களே உட்கார்ந்து எண்ணித்தான் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு அந்த வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

என் கருத்து இதுதான். இன்ஃபினிடிவ், ஜெரண்டு என்று பெயர் சூட்டு விழா நடத்துவதை நம் வகுப்பில் பாதியாகக் குறைக்கலாம். அந்த நேரத்தில் நம் மேனுவல், ஒர்க்‌ஷாப் அறிவிப்பு, லாக் புக் இவற்றில் வருகிற பெயர்ச்சொற்களைக் கூட்டாளியோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம். ‘பர்மிஷன்’ என்று தனியாக எழுதிப் போடாமல் ‘பர்மிஷன் டு லீவ்’ என்று போர்டில் எழுதினால் லீவு லெட்டரிலாவது ‘பர்மிஷன் ஃபார் கோயிங்’ ஒழியும். "அர்த்தம் புரிஞ்சா போதாதா? மெஷின் என்ன கிராமரா கேக்குது?" என்று என் ரூம் நண்பன் வாதாடுகிறான். மெஷின் கேட்காது, சரிதான். ஆனால் ரிப்போர்ட்டைப் படிக்கிறது மனுஷன். அதன் மேல் மெமோ கொடுக்கிறதும் மனுஷன். நாளைக்கு நாமே சூப்பர்வைசர் ஆகி லாக் புக்கில் கையெழுத்துப் போடப்போகிறோம், அதையும் அவன் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆலைக் கதையை முடிக்கவில்லையே! மெயின்டனன்ஸ் சாரிடம் ஓடிப்போய் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினேன். குழாய் அடைத்த விஷயத்தை விளக்கிச் சொன்னேன். சிரித்துக்கொண்டே பேனாவைக் கொடுத்தார். ‘டு லூப்ரிகேட்’ என்பதை அடித்துவிட்டு ‘ஆஃப் லூப்ரிகேஷன்’ என்று எழுதி, ‘கிரீஸ் லைன் சோக்டு’ என்றும் சேர்த்தேன். வெளியே அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"மாத்திட்டேங்கண்ணா."

"என்னங் தம்பி மாத்துனீங்க?"

"ரெண்டே வார்த்தைங்கண்ணா."

அவர் நம்பவில்லை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "வாங்க தம்பி, டீ குடிக்கலாம்" என்று கேன்டீன் பக்கம் நடந்தார்.