ஆர்டர் ஒன்று, பணமும் ஒன்று

நெய்வேலி நகரியத்திலும் மந்தாரக்குப்பத்திலும் கடை வைத்திருக்கும் நம்மில் பலர் இணையம் வழியே ஆர்டர் பிடிக்கத் தொடங்கிவிட்டோம். வரவேற்கிறோம். ஆனால், வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து, கடைக்குத் தகவல் வராமல் நின்றால்? அவர் மறுபடியும் பொத்தானை அழுத்துவார். பணம் இருமுறை போகும்.

இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி வகுத்தது. யுபிஐ மூலம் செலுத்திய பணத்துக்குக் கடையில் உறுதி கிடைக்காவிட்டால், 5 நாட்களுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும்; தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. விதி பணத்தைக் காக்கும். கடையின் பெயரை நாம்தான் காக்க வேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரே எண் இருக்கட்டும். அதே எண் மறுமுறை வந்தால் பணம் கேட்கக் கூடாது. பணம் உறுதியானால் மட்டுமே பில் விழுந்து இருப்பு குறைய வேண்டும். மென்பொருள் விற்பவரிடம், பாதியில் இணைப்பைத் துண்டித்துக் காட்டச் சொல்லுங்கள். கணக்கு பிசகவில்லை என்றால் வாங்குங்கள். கைப்பேசித் திரையைப் பார்த்துச் சரக்கு கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கைப் பாருங்கள். கடையடைக்கும் முன் ஆர்டரையும் வங்கி வரவையும் ஒத்துப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

பெரிய நிறுவனங்களோடு தள்ளுபடியில் போட்டியிட நம்மால் முடியாது. நாணயத்தில் முடியும்.